முதல் கில்ட்டும் முதல் வேட்டியும்

ஸ்காட்லாந்து நாட்டில் ஓர் இளைஞன் தன் முதல் கில்ட்டை வாங்கப் புறப்படுவானாயின், மூன்று கேள்விகள் அவன் முன் நிற்கும். எந்தக் கட்டம்? எத்தனை கஜம்? முழங்காலில் எந்த இடத்தில் விளிம்பு நிற்க வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே தையற்காரர் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பார்.

கோலார் தங்கவயலில் வாழும் தமிழருக்கும், பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழருக்கும் இந்தக் கில்ட்டினால் ஆவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இடுப்பில் சுற்றும் துணி எதுவரை இறங்கலாம் என்னும் வினா நம் மக்கள் வாழ்விலும் எழுந்த ஒன்று. எழுந்தது மட்டுமன்று, அதன் பொருட்டு அடியும் உதையும் தீவைப்பும் நேர்ந்ததுண்டு. ஆகவே அயல்நாட்டு உடையொன்றின் வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு, அதே கண்கொண்டு நம் வரலாற்றையும் பார்ப்பது பயனுடையதாகும்.

கில்ட் என்பதைப் பெண்டிர் பாவாடை என்று எண்ணி நகைப்போர் உண்டு. அது பாவாடையன்று, தைத்து நிலைநிறுத்திய கொசுவத்தோடு கூடிய வேட்டி என்றே அதனைச் சொல்ல வேண்டும். முறைப்படி அமைந்த கில்ட் ஒன்றுக்கு 8 கஜம் கம்பளித் துணி செல்லும். நம் கணக்கில் அது 16 முழம். நாம் கட்டும் எட்டு முழ வேட்டியைப் போல் இரண்டு மடங்கு. இவ்வளவு துணியும் எங்கே போகிறது என்றால், பின்புறத்துக் கொசுவத்தில் போகிறது. முன்புறம் மடிப்பில்லாத இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். ஆடவர் அணிவதில் மேற்பரப்பு வலப்பக்கம் சென்று முடியும். அங்கே தோல்வாரும் கொக்கியும் வைத்து இறுக்குவர்.

வாங்கச் செல்வோர் அறிய வேண்டுவன சில உண்டு. இடுப்பளவு என்பது நாம் கால்சட்டை அணியும் இடத்தின் அளவன்று. இடுப்பெலும்புக்கு மேலே, ஏறத்தாழத் தொப்புளின் மட்டத்தில் அதனை எடுக்க வேண்டும். அடுத்தது பிட்டத்தின் சுற்றளவு. மூன்றாவது, இடுப்பிலிருந்து முழங்காற் சிப்பிவரை உள்ள நீளம். விளிம்பு சிப்பியின் நடுவிலோ மேல் ஓரத்திலோ நிற்பது முறை. துணியின் கனத்தை ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வர். 13 அவுன்ஸ் துணி நடுத்தரமானது. 16 அவுன்ஸ் துணி கனத்தது. கனத்த துணியில் கொசுவம் கலையாமல் நிற்கும். நடக்கும்போது அழகாக அசையும். கில்ட்டில் பை கிடையாது. நமக்கு மடி உதவுவதுபோல அவர்களுக்கு முன்புறம் தொங்கும் ஸ்போரன் என்னும் தோற்பை உதவுகிறது. முன்பரப்பின் கீழ் ஓரத்தில் ஓர் ஊசி குத்துவர். அதனை மேற்பரப்பில் மட்டுமே குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுபட்டுக் கிழியும்.

இனிக் கட்டத்திற்கு வருவோம். டார்ட்டன் என்று வழங்கும் இக்கட்டம், பாவில் எந்த நிறங்கள் எந்த வரிசையில் ஓடுகின்றனவோ அதே வரிசையில் ஊடையிலும் ஓடுவதனால் உண்டாவது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் தொன்றுதொட்டு வருவதாகப் பலர் நம்புகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பானக்பர்ன் என்னும் ஊரில் இருந்த வில்சன் நெசவாலையார், தாங்கள் எண்ணிட்டு விற்று வந்த பல கட்டங்களுக்குப் பின்னர் ஊர்ப்பெயரும் குலப்பெயரும் இட்டு விற்றனர். 1842-இல் பழஞ்சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி இரு சகோதரர் வெளியிட்ட குலக்கட்டங்களின் நூல், பொய்யாகப் புனைந்தது என்று பின்னர் தெளிவாயிற்று. இன்று கட்டங்களைப் பதிவு செய்வதற்கென்றே ஸ்காட்லாந்தில் அரசாங்கப் பதிவேடு ஒன்று 2009 முதல் நடந்து வருகிறது. புதிய கட்டத்தை வகுத்துப் பதிவு செய்வாரும் உண்டு. அரச குடும்பத்துக்கென ஒதுக்கிய பால்மொரல் போன்ற ஒரு சிலவற்றை விலக்கினால், எந்தக் கட்டத்தையும் எவரும் அணியத் தடையில்லை. பிறப்பால் வந்ததென எண்ணிய அடையாளம் பெரிதும் தெரிந்தெடுத்துக் கொண்டதே என்பது இதனால் விளங்கும்.

கில்ட்டின் பிறப்பும் அவ்வாறே சுவையானது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் முற்காலத்தில் நீண்ட கம்பளித் துணியொன்றைத் தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து இடைவாரால் கட்டிக்கொண்டு எழுவர். கீழ்ப்பாதி உடையாகவும் மேற்பாதி போர்வையாகவும் உதவும். 1720-களின் இறுதியில் தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் மலைநாட்டில் இரும்பு உருக்குலை ஒன்றை நடத்தினார் என்றும், உலைக்களத்தில் வேலை செய்தோருக்கு அந்நீண்ட துணி இடையூறாக இருந்ததால் மேற்பாதியை வெட்டிவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் தைத்தணியச் செய்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. அதற்கு முன்னரே குறுகிய கில்ட் வழக்கில் இருந்தது என்று மறுப்பாரும் உளர். எது உண்மையாயினும், நெருப்பின் முன் உழைத்தவனுக்கு ஏற்ற உடை அது என்பதில் ஐயமில்லை.

1746-இல் அந்த உடைக்குப் பெருந்துன்பம் வந்தது. மலைநாட்டார் கலகம் செய்து தோற்றபின், அவர்தம் உடையைத் தடுத்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. முதன்முறை அணிந்து பிடிபட்டால் 6 மாதம் சிறை. மறுமுறையாயின் 7 ஆண்டுகள் கடல் கடந்த நாடுகடத்தல். ஒரு விலக்கு மட்டும் இருந்தது. அரசரின் படையில் சேர்ந்தோர் கில்ட் அணியலாம். அதாவது, தன் ஊரில் தன் விருப்பப்படி அணிந்தால் குற்றம். ஆள்வோருக்காகத் துப்பாக்கி ஏந்தி அணிந்தால் பெருமை. 1782-இல் அச்சட்டம் நீங்கிற்று. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டின்படி அம்மன்னரே கில்ட் அணிந்து நின்றார். சிறைத்தண்டனைக்குரிய உடை அரச உடையாயிற்று. துணி மாறவில்லை, அளவும் மாறவில்லை. அதனை அணிவது யாருடைய விருப்பம் என்பதே மாறியது.

அம்மலைநாட்டுப் படைகள்தாம் நம் மண்ணுக்கும் வந்தன. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் சேனையிடம் தோற்ற கும்பினிப் படையில் அவர்களும் இருந்தனர். அங்கே சிறைப்பட்ட டேவிட் பெயர்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். திப்பு சுல்தான் வீழ்ந்த பின் மைசூரின் எல்லைகளை அளக்கும் வேலை தொடங்கியது. அவ்வேலையில் இருந்த ஜான் வாரன் என்னும் படையதிகாரி, 1802-இல் உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் பக்கம் மக்கள் மண்ணை அலசிப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அக்குறிப்பைப் படித்த மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துச் சிப்பாய் 1870-களில் சுரங்க உரிமை பெற்றார். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் ஆழமாக அகழ்ந்து பொன்னைக் கண்டனர். கோலார் தங்கவயல் பிறந்தது.

அங்கு வேலைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலோர் தமிழர், வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தோர். அவருள்ளும் பெரும்பகுதியினர், ஊர்ப்புறத்தில் தீண்டாதார் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தனர் என்பதை அறிந்தாலன்றித் தங்கவயலில் வாங்கிய முதல் வேட்டியின் பொருள் நமக்கு விளங்காது.

தமிழகத்தில் உடைக் கட்டுப்பாடு எவ்வளவு கொடிதாக இருந்தது என்பதற்கு எழுத்தில் பதிந்த சான்றுகள் உள்ளன. தெற்கே இராமநாதபுரம் சீமையில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாகாது. இடுப்புக்கு மேலே உடுத்தலாகாது. சட்டையோ கோட்டோ பனியனோ அணியலாகாது. குடையும் செருப்பும் கூடா. பெண்டிர் மேலுடம்பைத் துணியால் மூடலாகாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. மக்கட்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். திருவிதாங்கூரில் நாடார் பெண்டிர் நெடுநாள் போராடிய பின்னரே 1859-இல் மேலாடை அணிய அரசாணை பெற்றனர். அப்போதும் உயர்சாதிப் பெண்டிரைப் போல் அணியக் கூடாது என்ற வரம்பு அவ்வாணையில் இருந்தது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்து மலைநாட்டான் முழங்கால் தெரிய உடுத்துவதைத் தன் மானம் என்று கொண்டான். அதனைத் தடுத்தது அவனுக்கு அவமானம். நம் நாட்டு உழவனையோ முழங்கால் தெரியத்தான் உடுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தினர். அதுவே அவனுக்கு அவமானம். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் நீண்ட உடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். ஏழைகளின் பொருட்டு அவர் தாமே மேற்கொண்ட விரதம் அது. மூன்று இடத்திலும் துணியின் விளிம்பு ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஒருவனுக்கு அது பெருமை, ஒருவனுக்கு இழிவு, ஒருவருக்கு நோன்பு. நீளத்தை முடிவு செய்தவர் யார் என்பதுதான் வேறுபாடு.

இந்த எண்ணத்தோடு தங்கவயலுக்குத் திரும்புவோம். சுரங்கத்து வாழ்வு எளிதாக இருந்ததில்லை. தட்டிக் குடிசைகளில் குடியிருப்பு. நிலத்தடியில் பாறை வெடிப்பு. கல்தூசியால் நுரையீரல் நோய். சாம்பியன் ரீஃப் சுரங்கம் முடிவில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் சுமார் 65 பாகை செல்சியஸ். அவ்வெப்பத்தில் உடம்பின்மேல் துணியே சுமை. வேலை முடிந்து மேலே வந்தால் பொன்துகள் ஒளித்திருக்கிறதா என்று சோதனை. 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிய வேண்டும் என்று ஏற்பாடு செய்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வு கேட்டு அன்று. குற்றவாளியைப் போல் தம் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பதை ஏற்க மாட்டோம் என்று. உடம்பின்மேல் தமக்குள்ள உரிமையை அவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பதை அந்த வேலைநிறுத்தம் காட்டுகிறது.

ஆயினும் அங்கே ஒரு விடுதலையும் இருந்தது. கூலி நெல்லாக அன்றிக் காசாகக் கிடைத்தது. ஊர்ப் பெரியதனக்காரர் கண்காணாத தூரத்தில், ஒருவன் தன் காசுக்குத் தான் விரும்பியதை வாங்கலாம். மைசூர் அரசாங்கத்தார் ரெசிடெண்டு ராபர்ட்ஸன் பெயரால் அமைத்த ராபர்ட்ஸன்பேட்டையிலும், அதனை அடுத்த ஆண்டர்ஸன்பேட்டையிலும் கடைத்தெருக்கள் எழுந்தன. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. இந்தியாவின் பெருநகரங்கள் பல அதனைக் காணாத காலம் அது. துணிக்கடையில் சென்று, எட்டு முழம் கொடுங்கள் என்று கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கணுக்கால் வரை வேட்டி, மேலே சட்டை, தோளில் துண்டு, காலில் செருப்பு என்று அணிந்து ஞாயிற்றுக்கிழமை வெளியே புறப்படுவது இன்று நமக்கு அற்பமாகத் தோன்றலாம். ஊரிலே அவற்றுள் ஒவ்வொன்றும் தடையாக இருந்த ஒருவனுக்கு அது அற்பமன்று.

உடையில் தொடங்கிய தெரிவு உடையோடு நிற்கவும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு 1907-இல் மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோய், 1926-இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. தமக்குரிய சமயத்தையும் தமக்குரிய பெயரையும் தமக்குரிய ஏட்டையும் தாமே தெரிந்துகொண்ட மக்கள், தமக்குரிய துணியையும் தாமே தெரிந்துகொண்டனர் என்பதில் வியப்பில்லை.

டார்ட்டனுக்கு ஈடான கட்டமும் நம்மிடம் உண்டு. தங்கவயலிலிருந்து கிழக்கே மலை இறங்கினால் வருவது குடியாத்தம். கைலி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே நெய்யும் கட்டங்களும், சென்னையைச் சூழ்ந்த ஊர்களில் நெய்து மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறிய கட்டக் கைக்குட்டைத் துணியும் உலகறிந்தவை. ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் டார்ட்டனைப் பார்த்தே சென்னைக் கட்டம் உண்டாயிற்று என்று சிலர் சொல்வர். கட்டம் போட்ட பருத்தித்துணி அவர்கள் வருவதற்கு முன்னரே நம் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியானதை நோக்க, அக்கூற்று முழுதும் பொருந்தாது. கொள்வோர் விருப்பத்திற்கேற்பச் சில கட்டங்கள் பிற்காலத்தில் டார்ட்டனை ஒத்து நெய்யப்பட்டிருக்கலாம், அவ்வளவே.

ஆகவே வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர், தம் மகனுக்கு முதல் வேட்டி வாங்கும்போது, கில்ட் வாங்குவோர் கொள்ளும் கவனத்தில் பாதியாவது கொள்ளலாம். நான்கு முழம் என்பது ஒற்றைச் சுற்று. எட்டு முழம் மடித்துக் கட்டுவது. புதிதாகக் கட்டும் பையனுக்கு நான்கு முழமே பழக எளிது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, துணியின் அகலம் அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். உயரமான பையனுக்கு அகலம் குறைந்தால் எத்தனை முழம் இருந்தும் பயனில்லை. கஞ்சியின் கனத்தைத் துணியின் கனமென்று மயங்காமல், ஓர் ஓரத்தைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்து இழை நெருக்கத்தைப் பார்க்க வேண்டும். கைலியானால் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று அறிய வேண்டும். மூட்டிய இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர்கிறதா என்றும் நோக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கரையின் நிறத்தைப் பையனே தெரிந்தெடுக்கட்டும்.

இது பழங்கதை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம். 2014-இல் சென்னையிலே ஒரு மன்றம், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விட மறுத்தது. பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிக்கலாகாது என்று அவ்வாண்டே தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்தில் ஒரு சட்டம் கில்ட்டைத் தடுத்தது. தமிழகத்தில் ஒரு சட்டம் வேட்டியைக் காத்தது. இரண்டுக்கும் இடையே 268 ஆண்டுகள்.

தங்கவயலின் சுரங்கங்கள் 1956-இல் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. சயனைடு கழிவு மேடுகள் இன்றும் வெளுத்து நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரர்களும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் அணிவது பெரும்பாலும் கால்சட்டை. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் வேட்டி. எதை அணிவது என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர், எவரும் கேட்பதில்லை. அவர்தம் பாட்டன்மார் ராபர்ட்ஸன்பேட்டைக் கடைத்தெருவில் தம் கூலிக்காசை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தது அந்த உரிமையையும் சேர்த்துத்தான். அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளை துணிக்கடையில் வேட்டிகளைப் புரட்டிப் பார்த்து நேரம் கடத்தினால், அவனை விரைவுபடுத்தாமல் சற்றுப் பொறுத்திருப்போமாக.